புதன்கிழமைக் களி

எண்ணூர் தொழிற்சாலை ஒன்றில் கேன்டீன் பொறுப்பில் இருந்தபோது ஒரு கிரேன் ஆபரேட்டரைச் சந்தித்தேன். மை பூசிய மீசை, ஆளுக்கு முன்னால் நடந்து வரும் தொப்பை. சோற்றைக் கோபுரமாகக் குவித்து, உச்சியில் குளம் வெட்டி, அதில் சாம்பார் நிறைந்த பிறகுதான் உட்காருவார்.

தொழிலாளிகள் பலருக்கும் சர்க்கரை வியாதி. அவருக்கு ரொம்பவே அதிகம். மருத்துவர் சொன்னதால், புதன்கிழமை மட்டும் சோற்றுக்குப் பதில் கேழ்வரகுக் களி போட்டேன். அவர் தட்டைக் கவிழ்த்தார். வரிசையே கவிழ்த்தது.

“பரம்பர பரம்பரையா சோறு துன்ற வம்சம் நைனா இது!” என்று முழங்கினார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. “உங்க அப்பா என்னண்ணே சாப்பிட்டாரு?” என்று மடக்கினேன்.

“கேவுரு கூழுதான், மூணு வேளையும்,” என்றார் கூசாமல். “எம்புள்ளயாவது சோறு துன்னட்டும்னுதான் என்னை வேலைக்கு அனுப்புனாரு. நீ இன்னாடான்னா, மறுபடியும் அதுக்கே இட்டுகினு போறியே!”

அடுத்த புதன் சோறே போட்டேன்.

அந்த வருஷமே அவர் காலில் ஒரு விரலை எடுத்தார்கள். மருத்துவமனையில் என்னைக் கண்டதும், “களிக்காரரு வந்துட்டாருபா!” என்று பக்கத்துப் படுக்கைக்காரரிடம் சொல்லிச் சிரித்தார். நான் சொன்னதுதான் சரி என்று சொல்ல அப்போதும் எனக்கு வாய் வரவில்லை.