கற்கண்டு போட்ட பார்லித் தண்ணீர்

பார்லி வேகும்போது எழும் அந்தக் கஞ்சி வாசம் எந்த உணவங்காடியில் என் மூக்கில் பட்டாலும், இந்த வயதிலும் நாக்கில் கற்கண்டு கரைகிறது. ஐம்பதுகளின் கடைசியில், சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், பழைய கடைவீட்டின் கீழ்த்தளத்தில் பலகை வைத்துத் தடுத்த ஓர் அறையில் அப்பா, அம்மா, நான் மூவரும் குடியிருந்தோம். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் அப்பா, வேலைக்குக் கிளம்புவதற்குள் மண்ணெண்ணெய் அடுப்பில் பார்லியைக் கொதிக்கவைத்து, வடிகட்டி, கற்கண்டைத் தட்டிப் போட்டு, ஒரு செம்பு நிறைய ஊற்றித் தட்டால் மூடிவைத்துவிட்டுப் போவார். சுடுதண்ணீர்கூட வைத்தறியாத மனிதர் அவர். அம்மாவுக்காக அதை மட்டும் கற்றுக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்கு "நீர்க்கடுப்பு". எங்கள் அறையில் அந்தச் சொல்லைத் தாழ்ந்த குரலில்தான் சொல்வார்கள். மாதம், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்துவிடும். வந்தால் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் குந்திப் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பாள். மாடியில் இருந்த மேரி அக்கா வாழைத்தண்டுச் சாறு பிழிந்து கொண்டுவருவார். நாட்டு மருந்துக் கடையிலிருந்து சிறுநெருஞ்சில் வரும், சிறுபீளை வரும். அப்பாவோடு வேலைபார்த்த ஒரு மலாய்க்காரர் தன் வீட்டு வேலியிலிருந்து "கூமிஸ் கூச்சிங்" என்கிற பூனைமீசை இலையைப் பறித்துக் கொடுத்தனுப்புவார். "எல்லாம் உடம்புச் சூடு லா. குளிர்ச்சியா குடிச்சாத்தான் கேக்கும்" என்று மேரி அக்கா ஒவ்வொரு முறையும் தீர்ப்புச் சொல்வார். கொஞ்ச நாள் கேட்பதுபோல் இருக்கும், பிறகு திரும்பவும் வரும்.

அந்த வீட்டில் எல்லோருக்கும் சேர்த்துப் பின்கட்டில் ஒரே ஒரு வாளிக் கக்கூஸ். தனியாட்களாகத் தங்கியிருந்த பதினோரு ஆண்களின் கட்டில்களைத் தாண்டித்தான் அங்கே போக வேண்டும். கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. காலடி கேட்டால் உள்ளே இருப்பவர் இருமுவார், வெளியே வந்தவர் திரும்பிப் போவார், அதுதான் அந்த வீட்டு வழக்கம். ஆண்கள் கனைத்துத் தள்ளுவார்கள். அம்மாவுக்கு மட்டும் வெட்கத்தில் அந்த இருமல் வராது. ஒருமுறை யாரோ கதவைத் திறந்துவிட்டார். பாவம், அவரும் பதறித்தான் போனார். ஆனால் அன்றிலிருந்து நான் வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றால்தான் அம்மா போவாள். நானோ காலையில் பள்ளிக்கூடம் போனால் மதியம் தாண்டித்தான் வருவேன். அதுவரை அடக்கிக்கொண்டிருப்பாள். அடக்க வேண்டுமே என்று வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றிக்கொள்ள மாட்டாள்.

அதனால் நான் வரும்போது செம்பு நிறைய பார்லி அப்படியே இருக்கும். ராத்திரி எழுந்து அந்தக் கட்டில்களைத் தாண்டவேண்டி வருமே என்று, நான் வந்த பிறகும் அதைத் தொட மாட்டாள். "நீ குடிச்சிடு கண்ணு. அப்பாகிட்ட சொல்லிடாத, அவரு ஆசையா காய்ச்சி வச்சிருக்காரு" என்பாள். நான் குடித்தேன். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, ஏறக்குறைய ஒரு வருஷம். வேறு இனிப்பு காணாத எனக்கு அந்தச் செம்பை நினைத்தாலே வீட்டுக்கு ஓடிவரத் தோன்றும். சாயங்காலம் காலிச் செம்பைப் பார்த்து அப்பா திருப்தியாகத் தலையாட்டுவார். எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கும், மறுநாள் மறந்துபோகும்.

ஒரு மழைநாள் மாலை அம்மாவுக்குக் குளிர்க்காய்ச்சல் தூக்கிப் போட்டது, விலாவுக்குக் கீழே கை வைக்க விடவில்லை, சிறுநீரில் ரத்தம் வந்தது. மேரி அக்கா டாக்சி பிடித்து வந்தார். ஆஸ்பத்திரியில் ஒரு தமிழ் "மிஸ்ஸி", அப்போது நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவோம், அப்பாவிடம் விசாரித்தார்.

"தண்ணி நல்லா குடிக்கிறாங்களா?"

"தெனமும் பார்லி மிஸ்ஸி. நானே காய்ச்சி வைக்கிறேன். ஒரு சொட்டு மிச்சம் வைக்க மாட்டா."

சொல்லும்போது அவர் குரலில் இருந்த பெருமையை என்னால் தாங்க முடியவில்லை. "நான்தான்பா குடிச்சேன். அம்மா குடிச்சதே இல்ல" என்று கதறிவிட்டேன். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். என்னிடம் "ஏன்மா?" என்று மட்டும் கேட்டார். கதவைப் பற்றிச் சொன்னேன். "தண்ணியும் குடிக்காம, வந்ததையும் அடக்கி வச்சா எந்தக் கஷாயம் கேக்கும்?" என்று மிஸ்ஸி கோபமாகச் சொல்லிவிட்டு ஊசி மருந்து எடுக்கப் போனார்.

மறுநாள் அப்பா வேலைக்குப் போகவில்லை. ஒரு பித்தளைத் தாழ்ப்பாள் வாங்கிவந்தார். கட்டில்காரர் ஒருவர் திருப்புளி கொடுத்தார், இன்னொருவர் கதவை அசையாமல் பிடித்துக்கொண்டார். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கால் மணி நேரம்கூட ஆகவில்லை. முடிந்ததும் அப்பா உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டார், திறந்தார், மறுபடியும் போட்டார். அப்புறம் நெடுநேரம் வெளியே வரவில்லை.

அம்மா பிழைத்து வந்தாள். ஆனால் சிறுநீரகம் இரண்டும் அதற்குள் பாதிக்குமேல் கெட்டிருந்தன. அடுக்குமாடி வீடு கிடைத்து, தனிக் கக்கூஸும் கிடைத்து, அங்கே இரண்டு வருஷம்தான் உயிரோடு இருந்தாள்.

இப்போது நான் தீவின் வடக்கே ஈசூனில் இருக்கிறேன். அந்தச் சந்தும் கடைவீடும் நிற்கின்றன, வண்ணம் அடித்து விடுதியாக்கிவிட்டார்கள். வாளிக் கக்கூஸ் போய்விட்டது, பதினோரு கட்டில்களும் போய்விட்டன, பூனைமீசைச் செடி இருந்த வேலியும் இல்லை. உணவங்காடியில் என் பிள்ளைகள் பார்லி வாங்கித் தந்தால் வேண்டாம் என்றுவிடுகிறேன். சர்க்கரை வியாதிக்குப் பயப்படுகிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். என்னத்தைச் சொல்ல? அந்த வீட்டில் விஷயம் தெரிந்த ஒரே ஆள் நான், என் வாயோ அப்போது இனித்துக்கொண்டிருந்தது.