டாக்டர் கமலவேணி போடாத கையெழுத்து

டாக்டர் கமலவேணி காலமான செய்தியை அவருடைய தம்பி வெள்ளிக்கிழமை காலை தொலைபேசியில் சொன்னார். அவரோடு வேலை பார்த்தவர்கள் அவருடைய சுறுசுறுப்பைப் பற்றிச் சொல்வார்கள். நான் சொல்ல வேண்டியது வேறு. அவர் இருந்தவரை அதைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

எண்பதுகளின் தொடக்கம். பொது சுகாதாரத்தில் அஞ்சல் வழியாக முதுநிலைப் பட்டயம் தந்துகொண்டிருந்த ஒரு தனியார் நிறுவனத்தின் தரத்தை மதிப்பிட அரசு மூவர் குழு அமைத்தது. ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் தலைவர். சேலத்தில் சுகாதார அதிகாரியாக இருந்த கமலவேணியும், கல்லூரியில் புள்ளியியல் நடத்திய நானும் உறுப்பினர்கள். பாடப் புத்தகங்களும் மாணவர்களின் விடைத்தாள்களும் வந்தன. நல்ல அச்சு, விடைத்தாள்களில் நல்ல மதிப்பெண். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

"படிச்சவங்களப் பாக்காம படிப்ப எப்படிங்க சார் பாக்கறது?" என்று சொல்லிக் கமலவேணி என்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்.

வெண்ணந்தூருக்கு அப்பால் ஒரு கிராமம். அந்தப் பட்டயம் வாங்கிய முத்துசாமி அங்கே குடிநீர்ப் பொறுப்பில் இருந்தார். கிணற்றுக்கு எவ்வளவு பிளீச்சிங் பவுடர் என்று கேட்டதும் கணக்கைப் பிசகாமல் ஒப்பித்தார். கமலவேணி, மூலையில் வாய் திறந்து கிடந்த மூட்டையிலிருந்து ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தார்.

"வாடையே இல்லீங்களே. வீரியம் போயி எத்தன நாளாச்சோ!"

முத்துசாமியும் ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தார். "பாடத்துல அளவு மட்டுந்தானுங்க இருந்துச்சு. மோந்து பாக்கோணும்னு ஆரும் சொல்லலீங்க."

வெளியே பெண்கள் அந்தக் கிணற்றில்தான் குடம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது என்று கமலவேணி வீடு வீடாகச் சொல்ல வைத்தார். புது மூட்டை வந்து சேரும்வரை அங்கிருந்து நகரவில்லை.

திரும்பும் வழியில், "அவரு பொய் சொல்லலீங்க சார். தெரியாதுங்கறதே அவருக்குத் தெரியல. அதுதான் எனக்குப் பயமா இருக்குது. இப்படி இன்னும் எத்தன ஊருல இருக்காங்களோ" என்றார்.

களப்பயிற்சி இல்லாமல் இந்தப் படிப்புக்கு அனுமதி கூடாது என்று அவர் எழுதினார். "அதையெல்லாம் அடுத்த வருசம் சேத்துக்குவாங்க. இப்பக் கையெழுத்துப் போடுங்க" என்று தலைவர் தன் அறிக்கையை நீட்டினார். கமலவேணி பேனாவையே எடுக்கவில்லை. தலைவரைப் பகைத்துக்கொள்ள மனம் வராமல் நான் போட்டேன். இரண்டு கையெழுத்து போதுமாக இருந்தது, அனுமதி கிடைத்துவிட்டது.

அடுத்த மழைக்காலத்தில் பனமரத்துப்பட்டிப் பக்கம் ஒரு சிற்றூரில் வாந்திபேதி கண்டது. "வாங்க, போய்ட்டு வரலாம்" என்று மட்டும் கமலவேணி போனில் சொன்னார். அங்கே பொறுப்பில் இருந்தவரும் அதே பட்டயக்காரர். கிணற்றில் கொட்டியதும் அதே செத்த பவுடர். மகளைப் பறிகொடுத்த ஒரு தாய் எங்கள் முன்னால் வந்து நின்றாள்.

"இந்தத் தண்ணியக் குடிக்கலாம்னு சொன்னது ஆருங்க சாமி?"

கமலவேணி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாங்கதானுங்க."

மறுநாளே என் கையெழுத்தைத் திரும்பப் பெறுவதாகக் கடிதம் எழுதினேன். மாதக்கணக்கான இழுபறிக்குப் பிறகு களப்பயிற்சி கட்டாயமானது. அந்தத் தாய்க்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை.

அன்று அவர் என்னைக் கைகாட்டியிருக்கலாம். செய்யவில்லை. தன் பங்கு துளியும் இல்லாத பழியில் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒற்றைச் சொல்தான். அதில் பாதி பொய் என்பது இனி எனக்கு மட்டுமே தெரியும்.