அத்தானுக்குப் போர்த்திய பொன்னாடை

ஈரப் புல்லின் மணம், அதற்கு மேல் நோவெண்ணெயின் காரம். உடுப்புத் தோய்க்கும் யந்திரத்தின் மூடியைத் திறந்தால் இப்போதும் அது எழும்பி வருகிறது. சனிக்கிழமைப் பின்னேரங்களில் பந்தடி அணியின் சட்டைகள் முழுவதையும் அத்தானே தோய்த்தார். "மனேச்சர் செய்யிற வேலையோ உது?" என்று அக்கா கேட்பா. "சின்னக் கிளப்பில மனேச்சர் எண்டால் எல்லா வேலையும்தான்" என்பார், சேற்றுக் காலுறையொன்றை உள்ளும் புறமும் திருப்பியபடி.

இறந்தவரின் புகழைப் பாடுவது கல்வெட்டு என்னும் நினைவுப் புத்தகத்தின் வழக்கம். அத்தானுக்குப் பாடப் புகழ் குறைவில்லை. ஆனால் பாடத் தொடங்கினால் நடுவழியில் எங்கள் வெட்கம் வந்து குந்திக்கொள்கிறது. அதைச் சுற்றிப் போக எனக்கு வழி தெரியவில்லை. "உள்ளதை எழுது பிள்ளை. என்னையும் சேர்த்து எழுது" என்று அப்பா சொன்ன பிறகுதான் பேனையை எடுத்தேன்.

ஸ்கொட்லாந்தில் நிலக்கரி தோண்டும் சிற்றூர் ஒன்றில் அத்தான் பிறந்தார். தகப்பனும் தமையனும் சுரங்கத்துக்குள் இறங்கினார்கள். அத்தான் மேலே, கரிக்கழிவு மேட்டின் அடியில், பந்தோடு நின்றார். "எனக்கு இருட்டெண்டால் பயம். அதாலதான் பந்தடி நல்லாப் பழகினன்" என்று அக்காவிடம் பழகிய தமிழில் சொல்லிச் சிரிப்பார். இரண்டாம் பிரிவுக் கழகமொன்று அவரை எடுத்தது. மழை, சேறு, குளிரில் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கும் கொஞ்சச் சனம். இடது பக்கத்தில் அவர் ஓடினார். பெரிய மைதானம் ஒன்றில் ஒரேயொரு தடவை விளையாடினாராம், தோற்றார்களாம். வென்ற ஆட்டங்களை விட அந்தத் தோல்வியைத்தான் ரசித்து ரசித்துச் சொல்லுவார்.

பிறகு முழங்கால் போனது. கிளாஸ்கோ ஆசுப்பத்திரியில் அந்தக் காலுக்குக் கட்டுப் போட்டவ, தாதியாகப் படிக்கப் போயிருந்த எங்கள் அக்கா. "காலைத்தான் பார்க்க விட்டவை. நான் ஆளையும் பார்த்திட்டன்" என்பா.

விளையாட முடியாதவரைக் கடற்கரைப் பட்டினம் ஒன்றின் கழகம் முகாமையாளர் ஆக்கியது. சில வருடங்கள் நன்றாகப் போயின. ஒரு கூடாத பருவம் வந்தது. தலைவர் கை குலுக்கி அனுப்பினார். இன்னொரு கழகம், இன்னொரு கைகுலுக்கல். அக்காவுக்கு ரொறொன்ரோவில் வேலை கிடைக்க, இருவரும் இங்கே வந்தார்கள். அத்தான் பள்ளிக்கூடம் ஒன்றில் பராமரிப்பு வேலை பார்த்தார்.

வெள்ளைக்காரரோடு நடந்த இந்தக் கலியாணத்துக்குப் பிறகு அக்காவின் கடிதம் எதற்கும் அப்பா பதில் போடவில்லை. யுத்தத்தில் எங்கள் நாடு எரிந்தபோது, அப்பாவையும் என்னையும் ஸ்பொன்சர் செய்து எடுத்தவர் அத்தான். விமான நிலையத்தில் அப்பாவின் பெட்டியை வாங்கித் தூக்கியவரும் அவரே. அப்பா அவருக்குப் பெயரும் சொல்லவில்லை, முறையும் சொல்லவில்லை. "உவர் வேலைக்குப் போட்டாரோ?" "உவருக்கு உறைப்பு ஒத்துவருமோ?" எல்லாம் அக்காவிடம்தான். அந்த 'உவர்' என்ற சொல்லுக்குள் அத்தான் பல வருடம் வாடகைக்கு இருந்தார். நாங்கள் இருந்தது அவருடைய வீட்டில்.

இருந்தாலும் இராச்சாப்பாடு ஒரே மேசையில் நடந்தது. அத்தான் புட்டைப் போட்டு அப்பாவின் சாப்பாட்டுக் கோப்பையை முன்னே தள்ளுவார். அப்பா சம்பலை அவர் பக்கம் நகர்த்துவார். பேச்சு இல்லாத நாட்களிலும் அந்தக் கோப்பைகள் பேசிக்கொண்டன.

ரொறொன்ரோவின் ஸ்காபரோவில், எங்கள் சனம் விட்டுவந்த ஊருக்கொரு பந்தடிக் கழகம் முளைத்த காலம் அது. எங்கள் ஊர்க் கழகத்துக்கு அப்பா தலைவர். பழக்க ஆளில்லை. அத்தான் தானாகவே போய் நின்றார். தொழிற்சாலை வேலையால் கண் சிவந்து வரும் பெடியளைத் தன் காரில் ஏற்றி வந்தார். யாரையும் ஏசமாட்டார். பந்தைப் பறிகொடுத்தவனிடம் போய், "ஏன்?" என்று கேட்பார். உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்பார். அதுதான் பெடியளைச் சுட்டது. கோட்டோரம் நின்று அவர் கத்தியது ஒன்றே ஒன்று: "குடுத்திட்டு ஓடு!" பந்தைக் கொடு, கொடுத்துவிட்டு நில்லாதே.

"எங்கட ஆக்கள் எடுத்திட்டுத்தான் ஓடுவினம்" என்று கரையில் நின்ற ஒருவர் சொன்னார். "இந்த மனுசன் குடுத்திட்டு ஓடச் சொல்லுது. எங்கை உருப்படப்போறாங்கள்."

உருப்பட்டார்கள். அந்தக் கோடையில் ஊர்க் கழகங்களின் இறுதியாட்டம் வரை வந்தோம். எங்கள் கோல்காப்பாளனுக்குக் கை முறிந்திருந்தது. அத்தான், உணவகத்தில் கோப்பை கழுவும் பெடியன் ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தினார். நல்ல கெட்டிக்காரன். ஆனால் அடுத்த ஊர். கிண்ணத்தை வென்றோம். வென்ற கிழமையே எங்கள் வீட்டு வரவேற்பறையில் நிர்வாகசபை கூடியது.

"கப் வந்தது சரி அண்ணை" என்றார் செயலாளர், அப்பாவிடம். "அவன்ரை கையாலதான் வந்ததெண்டு அடுத்த ஊர்க்காரர் சொல்லித் திரியிறாங்கள். வெல்லுறது பெரிசில்லை. ஆர் வெல்லுறதெண்டு ஒண்டு இருக்கு."

தேத்தண்ணீர்த் தட்டோடு வந்த அத்தானுக்குப் பாதி விளங்கியிருக்க வேண்டும். "நானும் உங்கட ஊரில்லைத்தானே?" என்றார், சிரித்தபடி.

செயலாளர் தேத்தண்ணீரைப் பார்த்தபடி, "அதுவும் ஒரு கதைதான்" என்றார். அப்பா தட்டிலிருந்து தன் தேத்தண்ணீரை எடுத்துக்கொண்டார்.

முகத்துக்கு நேரே 'போ' என்று சொல்ல எங்கள் ஆட்களுக்கு வராது. மரியாதை செய்து அனுப்புவோம். பொன்னாடை தோளில் விழுந்தால் கதிரை போய்விட்டது என்று எங்களுக்குள் எல்லோருக்கும் விளங்கும். அத்தானுக்கு அது எப்படித் தெரியும்? ஆண்டிறுதி விருந்தில் அவரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அப்பா பொன்னாடையை விரித்துப் போர்த்தி, ஒலிவாங்கியில், "என்ரை மருமகன்" என்றார். அத்தனை வருடத்தில் முதல் தடவை. மண்டபம் கைதட்டியது. கைதட்டியவர்கள் எல்லோருக்கும் தெரியும். மேடையில் ஒருவருக்கு மட்டும் தெரியாது. அவர் அழுதார்.

காரில் அக்காவிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். "மாமா மருமகன் எண்டு சொன்னவர். கேட்டனீரோ?" அக்கா கண்ணாடியால் வெளியே பார்த்துக்கொண்டு, "ஓம்" என்றா. நான் பின் சீற்றில் இருந்தேன். எழுதும்போதும் முகம் சுடுகிறது.

பனி கரைந்து முதல் பயிற்சி நாள் வந்தது. அத்தான் பந்துப் பையோடு மைதானத்துக்குப் போனார். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் விசிலோடு நடுவில் நின்றார். ஒருவரும் அத்தானிடம் எதுவும் சொல்லவில்லை. பெடியள் நிலத்தைப் பார்த்தார்கள். அவர் கரையில் நின்று கடைசிவரை பார்த்தாராம். முடிந்ததும் பையைப் புதியவரின் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். கேள்வியும் இல்லை, கோபமும் இல்லை. வழமைபோலப் புட்டைப் போட்டு அப்பாவின் கோப்பையை முன்னே தள்ளினார்.

அப்பா கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழும்பினார். படியிறங்கி பேஸ்மென்ற் அறைக்குப் போனார். அன்றிலிருந்து அங்கேயேதான் சாப்பிட்டார். அத்தான் படித்தலைப்பில் நின்று கூப்பிடுவார்: "மாமா, சாப்பாடு." கீழிருந்து வரும்: "அனுப்பி விடுங்கோ." அந்த முகத்தை எதிரில் வைத்துச் சோறு இறங்காது என்று அப்பா என்னிடம் சொன்னார். வெட்கப்பட்டவர் அப்பா. தண்டனையை அனுபவித்தவர் அத்தான். தன் வீட்டு மேசையில், எதிர்க்கதிரை காலியாக, இரண்டு குளிர்காலம்.

பிறகு நெஞ்சுச் சளி என்று தொடங்கியது நுரையீரல் முழுவதும் பரவியிருந்தது. சுரங்கத்துக்குத் தப்பிய மனிதரை மூச்சுத்தான் பிடித்தது.

அத்தானை இரவு பகலாகப் பார்த்த தாதிமாருக்கும், அக்காவோடு மாறி மாறி இருந்த அயலட்டைக்கும், தேவாலயத்தில் செபித்த பாதிரியாருக்கும், முப்பத்தோராம் நாள் கிரியைகளை நடத்திய ஐயருக்கும், கடல் கடந்து வந்து எங்கள் கிரியையில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற அத்தானின் தமக்கைக்கும் கை கூப்புகிறோம். பெட்டியைச் சுமந்தவர்கள் கழகத்துப் பெடியள். முன்பக்கத்தில் தோள் கொடுத்தவன், அந்த அடுத்த ஊர்ப் பெடியன். அவனுக்கு நன்றி சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை, ஆனாலும் சொல்கிறோம்.

ஆசுப்பத்திரியிலிருந்து விடியற்காலையில் தொலைபேசி வந்தபோது எங்கள் அடுப்பில் புட்டு அவிந்துகொண்டிருந்தது. அதற்கு முதல் நாள் பின்னேரம் நடந்ததையும் எழுதச் சொன்னவர் அப்பாதான்.

அப்பா குளிர்க்கோட்டைக் கழற்றாமல் கட்டிலருகே இருந்தார். "அண்டைக்கு நான் உங்களுக்கு நேர சொல்லியிருக்க வேணும்" என்றார்.

"மாமா, மனேச்சர் எண்டால் கலைச்சு அனுப்புவினம்" என்றார் அத்தான். மூச்சு வாங்கியது. "முந்தியும் ரெண்டு தரம் கலைச்சவை. அங்கை ஒருத்தரும் சால்வை தரேல்லை." சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது. "அது நோகேல்லை. நீங்கள் கீழ போய்ச் சாப்பிட்டது, அதுதான் நொந்தது."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பார்வை நேரம் முடிந்ததென்று தாதி வந்து சொன்னா. அப்பா எழும்பி, கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

"நாளைக்குச் சாப்பாடு கொண்டு வாறன். ரெண்டு பேரும் இஞ்சை இருந்து சாப்பிடுவம்."

"ஓம், மாமா" என்றார் அத்தான். "கெதியா வாங்கோ. எனக்குப் பசிக்கும்."