சம்பந்தியம்மா சொன்ன ‘டே, நட’

எனக்குச் சம்பந்தியாக வரவேண்டிய அம்மா என்னைப் பார்த்து ‘டே, நட’ என்கிறார் என்று ஒரு பகல் முழுக்க நம்பிக்கொண்டு திரிந்தவன் நான். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். நம்புவதற்குக் காரணம் இருந்தது.

எங்கள் ஒரே மகள் கம்ப்யூட்டர் வேலைக்குப் போன ஊர் கீட்டோ. தென் அமெரிக்காவில் எக்வடோர் நாட்டின் தலைநகரம். போன இடத்தில் அவளுக்கு ஒரு பையனைப் பிடித்துவிட்டது. பையனின் அம்மா ஓய்வுபெற்ற டீச்சர். “உங்களுக்கும் புடிக்கணும், அவங்களுக்கும் புடிக்கணும். ஒருத்தருக்குப் புடிக்கலன்னாலும் வேணாம்ப்பா” என்று சொல்லி மகள் எங்கள் இருவருக்கும் டிக்கெட் போட்டாள். கூடவே ஒரு தகவல்: “அத்தை உங்களுக்காகத் தமிழ் கத்துக்கிறாங்க.”

விமான நிலையத்தில் அந்த அம்மா கைகூப்பி ‘வணக்கம்’ என்றார். சுத்தமான வணக்கம். அதோடு அவருடைய தமிழ் தீர்ந்துவிட்டது என்பது எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை என் மனைவி தலைவலி என்று படுத்துவிட்டாள். ஊர் அவ்வளவு உயரம். மகளும் பையனும் வேலைக்குப் போய்விட, எனக்கு ஊர் சுற்றிக்காட்டும் பொறுப்பு அந்த அம்மாவிடம் வந்தது. பாஷை மாற்றிச் சொல்லும் ஆப் இருந்த என் போன் செத்துக் கிடந்தது. என் சார்ஜரின் முள் அந்த ஊர்ச் சுவரில் நுழையவில்லை. அவரிடம் இருந்ததோ பொத்தான் போன். எனக்குத் தெரிந்த உள்ளூர் வார்த்தை ஒன்றே ஒன்று, மகள் சொல்லிக்கொடுத்த ‘கிராசியாஸ்’. நன்றி.

டாக்ஸியிலிருந்து இறங்கும்போது அந்த அம்மா எனக்குக் கதவைப் பிடித்துக்கொண்டார். “கிராசியாஸ்” என்றேன். சிரித்த முகமாக, “டே, நட” என்றார்.

நான் தர்மபுரிப் பக்கம் மொரப்பூர் - அரூர் வழியில் தனியார் பஸ் கண்டக்டர். படிக்கட்டில் தொங்கும் காலேஜ் பையன்களைப் பார்த்து இருபத்தைந்து வருடமாக நான் கத்துவதே ‘டே, உள்ள நட’ தான். பெண்கள், பெரியவர்கள் என்றால் ‘நடங்க’. ஒரு ‘ங்க’ குறைந்தால் அடுத்த ஸ்டாப்பில் நாலு பேரைக் கூட்டி நியாயம் கேட்பார்கள் எங்கள் பக்கத்தில். குறும்புக்கு மகள்தான் என் வசனத்தை எடுத்து இவருக்குப் பாடம் நடத்தியிருக்கிறாள் என்று முடிவுகட்டினேன். விளையாட்டாக இருக்கட்டும் என்று நடந்தேன்.

தீர்த்தமலைப் படிகளை நிற்காமல் ஏறுகிறவன் நான். கீட்டோவில் சமதரையிலேயே நாக்குத் தள்ளியது. ஒரு சதுக்கத்துப் பெஞ்சில் உட்காரக் கைகாட்டினார், நன்றி சொன்னேன், “டே, நட.” உட்காராமல் நடந்தேன். குன்றின் உச்சியில் சிறகு முளைத்த மாதா சிலையைக் காட்டினார், நன்றி, “டே, நட.” சுவர் முழுக்கத் தங்க ரேக்கு ஒட்டிய தேவாலயத்துக்குள் கூட்டிப்போனார். வாசலில் சீட்டுக் கிழித்தவனுக்கும் ஒரு நன்றி சொல்லிவைத்தேன். அவனும் “டே, நட” என்றான்.

அப்போதாவது மூளை வேலை செய்திருக்க வேண்டும். செய்தது, தப்பான பக்கமாக. இந்த அம்மா ஊருக்கே சொல்லிவைத்திருக்கிறார்! நம்மைப் பிடிக்கவில்லை, வாய்விட்டுச் சொல்ல முடியாமல் இப்படி விரட்டுகிறார். மகளின் கல்யாணம் கண்முன்னே படிக்கட்டிலிருந்து நழுவி விழுவதாகப் பட்டது. பயத்தில் ஆரம்பித்தது ரோஷத்தில் போய் நின்றது.

தெருவோரம் ஒரு பெண், மாங்காயை நீளநீளமாக அரிந்து, உப்பும் எலுமிச்சையும் பிழிந்து பையில் போட்டு விற்றுக்கொண்டிருந்தாள். தர்மபுரிக்காரன் முன்னால் மாங்காய்! அந்த அம்மா பர்ஸைத் திறந்துகொண்டே என்னவோ கேட்டார். நான் வாயில் ஊறியதை விழுங்கிவிட்டு, ‘ங்க’ போடாமல், “நட” என்றேன்.

அவர் திகைத்தார். பர்ஸை மூடினார். நடந்தார்.

பலித்துவிட்டது! இந்த அம்மாவுக்குத் தமிழ் நன்றாகவே புரிகிறது!

அப்புறம் மார்க்கெட். அவகாடோ மிதக்கும் உருளைக்கிழங்கு சூப்பு, பக்கத்தில் கிண்ணம் நிறையப் பாப்கார்ன். என்னைப் பார்த்து எதையோ கேட்டார். “நட.” முழுசாகச் சுட்ட பன்றி, வாயில் தக்காளியோடு என்னைப் பார்த்துச் சிரித்தது. “நட, நட.” சோளமாவை அதன் மட்டையிலேயே சுற்றி அவித்த கொழுக்கட்டை, பிரித்ததும் நெய் வாசம். கண்ணை மூடிக்கொண்டு, “நட.” ஒவ்வொரு ‘நட’வுக்கும் அந்த அம்மாவின் முகம் ஒரு சுற்று வாடியது. என் வயிறோ டீசல் தீர்ந்த வண்டிபோல இழுத்தது. ஜெயிக்கிறேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மகளின் வீட்டுக்குத் திரும்பியதும் அவர் நேரே பால்கனிக்குப் போய் யாருக்கோ போன் போட்டார். குரல் கம்மியிருந்தது. அரைமணி ஆகியும் உள்ளே வரவில்லை. நான் மனைவியை எழுப்பினேன்.

“எந்திரி. பெட்டியக் கட்டு. சம்பந்தம் முறிஞ்சிடுச்சு.”

“என்னாங்க உளர்றீங்க? என்னா சாப்டீங்க?”

“ஒண்ணும் சாப்டல.”

“காலையில இருந்தா? அவங்க ஒண்ணும் வாங்கிக் குடுக்கலியா?”

“குடுத்தாங்க. நான்தான் வேணாம்னு...”

மனைவி தலைவலியை மறந்து உட்கார்ந்தாள். “அட மனுசா! கை நனைக்காம வந்தா சம்பந்தம் வேணாம்னுதான அர்த்தம்?”

“அது நம்மூர்ல. இவங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“நான்தான் சொல்லிக்குடுத்தேன்.” வாசலில் மகள், மூச்சு வாங்க நின்றாள். பாதி வேலையில் ஓடிவந்திருக்கிறாள். “பொண்ணு வூட்டுக்காரங்களுக்குப் புடிக்கலன்னா ஒரு வாய்கூட சாப்புட மாட்டாங்கன்னு நேத்துதான் அத்தைகிட்ட சொன்னேன். அவங்க எனக்குப் போன் போட்டு அழுவுறாங்க. அவங்ககிட்ட என்னப்பா சொன்னீங்க?”

“‘நட’ன்னேன். அவங்க மட்டும் ‘டே, நட’ன்னாங்களே?”

மகள் என்னைப் பார்த்தாள். பால்கனியைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

“அது ‘தே நாதா’ப்பா! நன்றி சொன்னா திருப்பிச் சொல்றது. நம்ம ‘பரவால்லீங்க’ மாதிரி. வெறும் ‘நாதா’ன்னா ‘ஒண்ணும் வேணாம்’.”

‘நடங்க’ என்று மரியாதையாகச் சொல்லியிருந்தால் அவருக்கு எதுவும் விளங்கியிருக்காது. மாங்காயாவது வாங்கிக் கையில் திணித்திருப்பார். என் பசிக்குக் காரணம் நான் விழுங்கிய அந்த ஒரு ‘ங்க’.

மகள் பால்கனிக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். உள்ளே வந்த அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே எங்களைத் தம் வீட்டுக்கு அழைத்துப்போனார். அன்று சாயங்காலம் அங்கே நான் மூன்று கிண்ணம் உருளைக்கிழங்கு சூப்பு குடித்தேன். கல்யாணம் முடிவானது.