தம்பி பிறப்பதற்கு முந்தின தேதி

மானிட்டர் கண்ணாடிக்கு அருகே கையைக் கொண்டுபோனால் பூனைமயிர் அத்தனையும் எழுந்து நிற்கும். விரலால் தொட்டால் 'சடசட'வென்று சன்னமாக ஒரு சத்தமும், வெயிலில் காய்ந்த தூசியின் வாசனையும் வரும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக் கூடக் கழற்றாமல் நான் முதலில் செய்கிற காரியம் அதுதான். மஸ்கட்டில் வேலை பார்த்த அப்பா வெள்ளிக்கிழமைதோறும் அந்தக் கண்ணாடியில்தான் வருவார் என்பதால், மற்ற நாட்களில் அதற்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் எனக்கு இருப்புக்கொள்ளாது.

எங்கள் ஊர் வலங்கைமான் பக்கத்தில், நாலாபுறமும் வயல். அப்பா லீவில் வந்தபோது பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிக் கூடத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தார். கூடத்தில் இருந்தது ஒரே ஒரு 'ஜங்ஷன் பாக்ஸ்', ஏற்கெனவே பிரிட்ஜுக்கு என்று போட்டது, கம்ப்யூட்டரும் அதிலேயே ஒண்டிக்கொண்டது, இரண்டுக்கும் ஒரே சுவிட்ச். அந்த பிரிட்ஜைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. பம்புசெட்டுக்கான 'த்ரீபேஸ்' கரண்ட் முறைவைத்துத்தான் வரும். வந்தவுடன் ஊரே ஒரே நேரத்தில் மோட்டாரைப் போடும். வீட்டு விளக்கெல்லாம் அழுதுவடியும். அப்படி ஒரு தடவை பிரிட்ஜ் புகைந்துபோனதிலிருந்து, தெருவில் எவராவது "த்ரீபேஸ் வந்தாச்சு!" என்று குரல் கொடுத்தால், யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்கள் ஓடிப்போய் அந்த சுவிட்சை அணைத்துவிட வேண்டும். அதில் மிகவும் கண்ணும் கருத்துமாக இருந்தவர் பெரியப்பா. அப்பா இல்லாத குறை தெரியாமல் எங்கள் வயலையும் சேர்த்துப் பார்த்தவர் அவர்தான்.

அந்தக் குறுவைக்கு நாற்றங்கால் விட்டிருந்த சமயத்தில் தம்பி பிறந்தான். பிரசவம் லேசில் ஆகவில்லை. திருவாரூர் ஆஸ்பத்திரியில் அம்மாவும் பிள்ளையும் பிழைத்து வந்ததே பெரிது என்றார்கள். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. முப்பதாம் நாள் தொட்டிலில் போட்டுப் பெயர் வைக்கும்வரை குழந்தையைப் படம் எடுக்கவோ காமிராவில் காட்டவோ கூடாது, கண்ணு பட்டுவிடும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஆகவே அப்பா பிள்ளையின் அழுகையைப் போனில் கேட்டிருந்தாரே தவிர முகத்தைப் பார்த்ததில்லை. முப்பதாம் நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்தது. "மொகத்தப் பாக்காம பேரு வைக்க மாட்டேன்" என்று அவர் ஒரே பிடியாகச் சொல்லிவிட்டார். "மொகத்தப் பாத்தா நெல்லா வெளையப் போவுது? போன்ல சொல்லு, நான் காதுல ஓதிடுறேன்" என்று பெரியப்பா கேலி செய்தார். ஆனால் அம்மா, அப்பா பார்க்க வேண்டும் என்பதற்காகவே பிள்ளைக்குக் கண்மையைக் கூட அவ்வளவு நேர்த்தியாக இட ஆரம்பித்திருந்தாள்.

புதன்கிழமை சாயங்காலம், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று நான் திறந்து பார்த்தேன். வீடியோவில் பேச பிரவுசரைப் புதுப்பிக்க வேண்டும் என்று ஓர் அறிவிப்பு வந்தது. சம்மதம் என்று அமுக்கினேன். பச்சைக் கோடு நத்தையாக ஊர்ந்து முக்கால் பங்கைத் தாண்டியபோது தெருவில் குரல் கேட்டது. பெரியப்பா கொல்லையிலிருந்து ஓடிவந்தார், சுவிட்சைத் தட்டினார், அதே வேகத்தில் மோட்டார் கொட்டகைக்குப் போய்விட்டார். பிரிட்ஜ் பிழைத்தது. கம்ப்யூட்டர் அதற்குப் பிறகு போட்டால் எரியும், ஒரு கறுப்புத் திரை வரும், தானே அணையும், மறுபடி எரியும். விஷயம் தெரிந்ததும் பெரியப்பா மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "நான் பிரிட்ஜத்தானம்மா அணைச்சேன்" என்று அம்மாவிடம் சொன்னார். கேலி செய்த மனிதரின் முகம் அன்றைக்குச் சுண்டிப்போயிருந்தது.

மறுநாள் அப்பா போன் செய்தார். அவரோடு அறையில் தங்கியிருந்த மலையாளத்துக்காரருக்குக் கம்ப்யூட்டர் வேலை தெரியும். அவர் அப்பாவிடம் சொல்ல, அப்பா அம்மாவிடம் சொல்ல, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அம்மா என்னிடம் சொல்ல, நான் செய்ய வேண்டும். "கீபோர்டுல எப் எட்டுன்னு இருக்காம் பாரு. பொட்டிக்கு உசுரு வர்றப்ப அத வுடாம தட்டணுமாம்" என்றாள் அம்மா. முதலிரண்டு தடவை தப்பியது. பிறகு, நான் அதுவரை பார்த்திராத ஒரு திரை வந்தது: நிறமெல்லாம் வெளுத்து, எழுத்தெல்லாம் பருத்து, உடம்பு சரியில்லாதவரைப் போர்வை விலக்கிப் பார்த்தது மாதிரி. அடுத்தடுத்து அமுக்கிக்கொண்டே போனால் ஒரு மாதக் காலண்டர் வந்தது. எந்த நாளில் இது நன்றாக இருந்ததோ அந்த நாளைத் தேர்ந்தெடுத்தால், பெட்டி அந்த நாளுக்கே திரும்பிப் போய்விடுமாம். எனக்குச் சிலிர்த்துவிட்டது. இப்படி ஒரு பொத்தான் இருப்பதை ஏன் யாருமே எனக்குச் சொல்லவில்லை என்று கோபம்கூட வந்தது.

ஆனால் தேர்ந்தெடுக்க முடிகிற மாதிரி தடித்த எழுத்தில் இருந்தது ஒரே ஒரு தேதிதான். படித்துக் காட்டினேன். அம்மா போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள்.

"அது புள்ள பொறக்குறதுக்கு மொத நாளுல்ல?"

"ஆமாம்மா."

"வேணாம். மூடு."

அப்பா மறுமுனையில் என்னவெல்லாமோ சொல்லிப் பார்த்தார். "ஏங்க, சும்மா இருங்க. அந்த நாளக் கடந்து நான் எப்படி வந்தேன்னு எனக்குத்தான் தெரியும்" என்று அம்மா அழுதேவிட்டாள். மலையாளத்துக்காரர் போனை வாங்கி, "சேச்சி, அது மெஷினுக்கு மட்டும்தான். குட்டிக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். அம்மாவுக்கு அது புரியாமல் இல்லை. இருந்தாலும் பிள்ளையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு, கொல்லை வழியாக இறங்கி வைக்கோல்போர் வரைக்கும் போய், வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்றாள். "இப்ப அமுக்கு" என்று அங்கிருந்தே கத்தினாள். வீட்டுக்குள் எந்த நாள் நடந்தாலும் பிள்ளை அதில் இல்லை என்று ஆகிவிட வேண்டும். அமுக்கினேன். பெட்டி எழுந்து, பழைய நிறங்களோடு, ஒன்றும் நடக்காததுபோல நின்றது. நான் முதலில் ஓடியது கொல்லைக்குத்தான். தம்பி இருந்தான், கொட்டாவி விட்டான்.

பழைய நாளுக்குப் போனதால் பிரவுசரும் பழையதாகிவிட்டது. மறுபடி புதுப்பிக்க வேண்டியிருந்தது. இந்தத் தடவை பெரியப்பா பிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஜங்ஷன் பாக்ஸுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பச்சைக் கோடு பாதியில் இருக்கும்போதே, சொல்லிவைத்தாற்போல, "த்ரீபேஸ் வந்தாச்சு!" என்றது தெரு. நட்ட வயல் காய்ந்து கிடந்தது. ஊரே மோட்டாரைப் போட, திரையில் படம் இருபக்கமும் உள்வாங்கிச் சுருங்கியது. பெரியப்பா எழுந்திருக்கவில்லை. "ஓடட்டும், ஓடட்டும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். கோடு கடைசிவரை போய்ச் சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை, ராகுகாலத்துக்கு முன்பே அப்பா திரையில் வந்தார். அம்மா பிள்ளையை காமிராவுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். அப்பா பேசவே இல்லை. படம் நின்றுவிட்டதோ என்று நான் பயந்தேன், ஆனால் அவருக்குப் பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் கண்கள் எங்களைப் பார்க்காமல் எங்கேயோ கீழே பார்த்தன. "கீழ எங்கடா பாக்குற? புள்ளயப் பாருடா!" என்று பெரியப்பா அதட்டினார். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு "கதிரவன்" என்றார். ஸ்பீக்கரில் அது உடைந்து உடைந்து வந்தது. பெரியப்பா குனிந்து, சிதறாத முழுப் பெயராக அதைத் தம்பியின் காதில் மூன்று முறை சொன்னார்.

அப்பா ஏன் கீழே பார்த்தார் என்பது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அடுத்த வாரம், "காமிராவைப் பாருங்கப்பா" என்றேன். பார்த்தார். கண் நேராக என் கண்ணில் வந்து விழுந்தது; எனக்கு ஒரே சந்தோஷம். "இப்ப நீ எனக்குத் தெரியலயே பாப்பா" என்றார் அவர். அவர் பக்கத்தில் காமிரா திரைக்கு மேலே இருந்தது, நாங்கள் திரையில் இருந்தோம். எங்களைப் பார்க்க வேண்டுமென்றால் அவர் கண்ணைத் தாழ்த்தத்தான் வேண்டும்.

அந்தக் கம்ப்யூட்டர் எடைக்குப் போய் வெகுகாலமாகிறது. பெரியப்பா இல்லை. வெள்ளிக்கிழமை என்றால் தலைவாரிக் கொள்கிற பழக்கமும் வீட்டில் போய்விட்டது. நினைத்த மாத்திரத்தில் எவர் முகமும் கைக்குள் வந்துவிடுவதால், எவரும் எவர் முகத்துக்காகவும் காத்திருப்பதில்லை. அப்பா ஊரோடு வந்து வயலைப் பார்க்கிறார். நான் சென்னையில் இருக்கிறேன். நேற்று அலுவலகம் விட்டு வரும் வழியில் அப்பாவை வீடியோவில் கூப்பிட்டேன். போனைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் தாழ்த்தியபடியே இருந்தார்.

"என்னப்பா, பேசாம இருக்கீங்க?"

"எளைச்சுப் போயிட்டியேம்மா" என்றார்.