கயிற்றை அவிழ்த்த வெள்ளையம்மா

வெள்ளையம்மாவுக்குத் தன் பகையை மறைத்து வைக்கத் தெரியாது. ஜொகூரில் ரெங்கத்தை அடுத்த ரப்பர் தோட்டத்தில் அவள் பாலெடுக்கப் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில், கணக்கெழுதும் கிராணி ஒருவர் தகாத சொல்லால் ஏசிவிட்டார். மறுநாள் அவருடைய வீட்டு வாசலில் பால் வாளியைக் கவிழ்த்துவிட்டு வந்தாள். அவளை மணந்த தங்கராஜு அதற்கு நேர்மாறு. கொத்து வேலை அறிந்தவன், அதிகம் பேசமாட்டான், கள்ளுக்கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவன். அவர்களுக்குப் புஷ்பவள்ளி என்று ஒரே மகள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்காம் ஆண்டு அத்தோட்டத்தில் ரப்பர் உலர்த்தும் புகைக்கூடம் ஒன்று செங்கல்லால் எழும்பிக்கொண்டிருந்தது. வேலையைக் குத்தகைக்கு எடுத்திருந்தவன் கண்டிராக்டர் அர்ச்சுனன். சாரம் கட்டுவதற்கு அவன் புதுக்கயிறு வாங்கவில்லை. முந்தைய வேலைகளில் அடிபட்ட கயிறுகளையே கொண்டுவந்து போட்டிருந்தான். அவை நைந்திருக்கின்றன என்று ஆட்கள் முறையிட்டபோது சிரித்தான்.

"பயமா இருக்கிறவன் பொண்டாட்டி சேலைய கட்டிக்கிட்டு லயத்து வீட்டுல ஒக்காரட்டும். ஆம்பள ஏறட்டும்!"

தங்கராஜு ஏறினான். கயிறு அறுந்து உச்சிப் பலகை ஒருபுறமாகச் சரிந்தது. கீழே அடுக்கியிருந்த செங்கற்களின் மேல் விழுந்தவன் மீண்டும் கண் விழிக்கவில்லை.

விசாரிக்க வந்த போலீசாரிடம் அர்ச்சுனன் தயங்காமல் சொன்னான்: "கயிறெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஒண்ணும் அறுந்துபோகல. அவன் கள்ளு குடிச்சிட்டு ஏறுனான், வழுக்கி விழுந்துட்டான்."

பிணத்தின் அருகே அமர்ந்திருந்த வெள்ளையம்மா அதனைக் கேட்டாள். அதுவரை அழுதுகொண்டிருந்தவள் அழுகையை நிறுத்தினாள். கணவனைப் பறித்ததோடு அவனுடைய பெயரையும் கெடுத்தவனைக் கூண்டில் ஏற்றாமல் விடுவதில்லை என்னும் எண்ணம் அப்போதே அவளுள் வேரூன்றியது.

அடக்கம் முடிந்த பின்னும் ஆட்கள் சாரத்தில் ஏற மறுத்தார்கள். ஓர் உயிரை வாங்கிய பொருள் அடங்காமல் கிடந்தால் அடுத்த உயிரையும் கேட்கும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. அதனை முனியாண்டியின் காவலில் ஒப்படைத்தால்தான் வேலை நடக்கும் என்று கங்காணி காளியப்பன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேலை நின்றால் குத்தகை கைவிட்டுப் போகும். ஆகவே அர்ச்சுனன் ஆட்டுக்கிடா ஒன்றை வெட்டி, அறுந்த கயிற்றை மஞ்சள் துணியில் சுற்றி, ஆட்கள் அனைவரும் பார்த்திருக்க முனியாண்டி மரத்தின் கிளையில் தன் கையாலேயே கட்டினான். மறுநாள் புதுக்கயிற்றில் சாரம் எழுந்தது.

அடுத்து அவன் வெள்ளையம்மாவிடம் காளியப்பனை அனுப்பினான்.

"தங்கச்சி, நாகப்பட்டினத்துக்குக் கப்பல் டிக்கெட்டு எடுத்துத் தராராம். செலவுக்கும் தராராம். சமாதானம்னு ஒரு கைநாட்டு வெச்சிட்டா போதும்."

"நான் கப்பலேறிட்டா கோர்ட்டுல யாரு பேசுவா, அண்ணே? நீங்களா?"

காளியப்பன் வெற்றிலை எச்சிலைத் துப்பச் சென்றவர் திரும்பவே இல்லை.

வெள்ளையம்மா மகளை அழைத்துக்கொண்டு ரயிலேறிக் குளுவாங்குக்குப் போனாள். அங்கு வழக்கறிஞர் ஒருவரிடம் குமாஸ்தாவாக இருந்தவர் யாழ்ப்பாணத்து விசுவலிங்கம். ஏழைகளின் வழக்குகளை முதலில் அவர்தாம் கேட்பார்.

"இஞ்சை பார் பிள்ளை, மூண்டு வழி இருக்குது," என்றார் அவர். "சாவு எப்பிடி நடந்தது எண்டு மாஜிஸ்திரேட் விசாரிப்பார். அதிலை நீயும் கேள்வி கேக்கலாம். அது முதலாவது. தொழிலாளர் அதிகாரியிட்டை முறையிட்டால் அவர் நட்டஈட்டுக்கு முயற்சி எடுப்பார். அதுவும் சரிவராட்டி சிவில் வழக்குப் போடலாம்."

"இதுல எந்த வழியில அவன் ஜெயிலுக்குப் போவான்?"

விசுவலிங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "எடுத்த எடுப்பிலை அதையோ கேக்கிறாய்?"

"அதுக்குத்தான் ஐயா வந்தேன்."

"கவனக்குறைவாலை ஆள் செத்தது எண்டு மாஜிஸ்திரேட் எழுதினால், அரசாங்கம் குற்ற வழக்குப் போடக்கூடும். அது உன்ரை கையிலை இல்லை. ஆனால் கைநாட்டை மட்டும் வைச்சிடாதை. சமாதானமாப் போயிட்டாய் எண்டு அதைத்தான் காட்டுவாங்கள். கயிறு அறுந்ததுக்கு அத்தாட்சி ஏதும் இருக்கோ?"

"முனியாண்டி மரத்துல தொங்குது, ஐயா."

ஞாயிற்றுக்கிழமை உச்சிப்பொழுதில் அவள் மரத்தடிக்குப் போனாள். சம்பளமும் அரிசியும் வாங்க வந்தவர்கள் கூடி நின்ற நேரம் அது. கிளையிலிருந்த முடிச்சை அவள் அவிழ்க்கத் தொடங்கியதும் கூட்டம் பின்வாங்கியது.

"தொடாத தங்கச்சி!" என்று காளியப்பன் கத்தினார். "பொட்டப்புள்ள வெச்சிருக்க!"

"முனியாண்டிகிட்ட சொல்லிட்டேன், அண்ணே. கோர்ட்டுக்கு எடுத்துட்டுப் போயி, திருப்பிக் கொண்டாந்து கட்டிடறேன்னு. அவரு ஒண்ணும் சொல்லல. ஒங்களுக்கு என்னா?"

ஆட்களுள் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். தடுப்பதற்கு ஒருவரும் முன்வரவில்லை. தடுப்பதாயின் அந்தக் கயிற்றைத் தொட வேண்டியிருக்கும்.

விசாரணை நாளன்று நீதிமன்றத்தின் பின்வரிசைகளில் தோட்டத்து ஆட்கள் அமர்ந்திருந்தார்கள். அர்ச்சுனன் வெள்ளைக் கோட்டு அணிந்து வந்து, போலீசாரிடம் சொன்னதையே சத்தியம் செய்து சொன்னான். அவனிடம் கேட்க ஏதேனும் உண்டா என்று மாஜிஸ்திரேட் துரை மொழிபெயர்ப்பாளர் வாயிலாக வெள்ளையம்மாவை வினவினார். அவள் மஞ்சள் துணியைப் பிரித்து மேசைமீது வைத்தாள்.

"இத மரத்துல கட்டுனது யாருன்னு கேளுங்க, தொரை."

அர்ச்சுனன் வழக்கறிஞரைப் பார்த்தான். பிறகு பின்வரிசைகளைப் பார்த்தான். முனியாண்டிக்குச் செய்ததை அத்தனை பேர் முன்னிலையில் இல்லையென்று சொல்லிவிட்டால், இனி எந்த ஆளும் அவனுடைய சாரத்தில் கால்வைக்கமாட்டான்.

"நான்தான் கட்டுனேன். ஆளுங்க மனசுக்காக."

"குடிச்சிட்டு வழுக்கி விழுந்தாருன்னா, கயித்துக்கு எதுக்குக் கெடா வெட்டுன?"

மாஜிஸ்திரேட் கயிற்றைக் கையில் எடுத்தார். பிரிந்த நுனிகள் உட்புறம் வரை கறுத்து மக்கியிருந்தன. இது எந்தக் கயிறு என்று அவரே கேட்டார்.

"சாரத்துல... அன்னிக்கு அறுந்த கயிறு."

பின்வரிசையில் ஒருவர் உரக்கப் பெருமூச்சு விட்டார். வெள்ளையம்மா அர்ச்சுனனின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

குத்தகைக்காரரின் கவனக்குறைவே சாவுக்குக் காரணம் என்றும், இறந்தவர் குடித்திருந்ததற்குச் சான்று எதுவும் இல்லை என்றும் மாஜிஸ்திரேட் பதிவு செய்தார். அதன்பின் அரசாங்கம் தொடுத்த வழக்கில் அர்ச்சுனனுக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. தொழிலாளர் அதிகாரியின் முயற்சியால் நட்டஈடும் வந்தது. அதனை வெள்ளையம்மா புஷ்பவள்ளியின் பெயரில் போட்டு வைத்தாள். கயிற்றைச் சொன்னபடியே முனியாண்டி மரத்தில் திரும்பக் கட்டினாள்.

சில வாரங்கள் சென்றபின் அர்ச்சுனனின் மனைவி சந்திரமதி அவளைத் தேடி வந்தாள். தண்டனையைக் குறைக்க வேண்டி எழுதிய கருணை விண்ணப்பம் ஒன்று அவள் கையில் இருந்தது.

"அக்கா, நீங்க மன்னிச்சிட்டதா இதுல ஒரு கைநாட்டு வெச்சிட்டா, சீக்கிரமா விட்டுடுவாங்களாம். பிள்ளைங்க அப்பா எங்கன்னு கேக்குதுங்க."

"என்னா சொன்னீங்க?"

"வந்துடுவாருன்னு சொன்னேன்."

"வந்துடுவாரு. நீங்க பொய் சொல்லல." வெள்ளையம்மா கதவைப் பிடித்தபடி நின்றாள். "எம் மகளும் கேட்டா. அவகிட்ட நான் அப்படிச் சொல்ல முடிஞ்சிச்சா?"

சந்திரமதி விண்ணப்பத்தை நீட்டினாள். வெள்ளையம்மா அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள்; காகிதத்தைத் தொடவில்லை.

விண்ணப்பம் அவளுடைய கைநாட்டு இல்லாமலேயே அரசாங்கத் தலைமையிடமான ஜொகூர் பாருவுக்குப் போயிற்று. அர்ச்சுனன் தண்டனைக் காலம் முழுவதையும் சிறையில் கழித்தான்.