எந்த டெப் நல்லது, தங்கச்சி?

போன் வாங்க வருகிறவருக்குத் தனக்கு என்ன வேண்டும் என்று தெரியும். டெப் என்கிற கைக்கணினி வாங்க வருகிறவருக்குத் தெரியாது, அதைக் கண்டுபிடித்துச் சொல்வதுதான் என்னுடைய வேலை. வெள்ளவத்தை காலி வீதியில் ஒரு போன் கடையில் நிற்கிறேன். டெப் வாங்கப் போய், ஜீபி, இஞ்ச் என்று ஏதேதோ கேட்டுத் தலை சுற்றித் திரும்பியவர்களில் நீங்களும் ஒருவரென்றால், பயப்படாமல் வாசியுங்கள். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிறவர்களுக்கும் அதே தலைச்சுற்றுத்தான்.

படிக்க மட்டும்

தெஹிவளையிலிருந்து ஒரு அம்மா வந்தார். மகளுக்கு ஒன்லைன் வகுப்பாம். பாடக் குறிப்புகள் வரவேண்டும், ரீச்சரின் முகம் தெளிவாகத் தெரியவேண்டும். ஆனால் கேம் விளையாட முடியக்கூடாது, படம் பார்க்க முடியக்கூடாது, சிநேகிதிகளோடு கதைக்கவும் முடியக்கூடாது. நான் பெற்றோர் கட்டுப்பாடு பற்றி விளக்கினேன். நேரத்துக்குப் பூட்டலாம், தேவையில்லாததை மறைக்கலாம் என்றேன். அதையெல்லாம் மகள் ஒரே நாளில் உடைத்துவிடுவாள் என்றார் பெருமையும் கவலையுமாக. படிப்பைத் தவிர வேறொன்றும் செய்யத் தெரியாத டெப் ஒன்று தாருங்கள் என்று கேட்டார்.

பக்கத்தில் ஒரு போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்த ரிஸ்வான் நானா, எங்கள் கடையில் மூத்தவர், நிமிராமலே சொன்னார்: “இருக்கு அக்கா. அதுக்குப் பேர் கொப்பி. எதிர்ப் புத்தகக் கடையில விக்கிறாங்க.”

படுத்துப் பார்த்தவர்

கிருலப்பனையிலிருந்து வந்த சிவஞானம் அங்கிள் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். கண் பார்வை குறைவு, ஆகவே இருப்பதிலேயே பெரிய திரை வேண்டும் என்றார். பெரிதை எடுத்துக் கொடுத்தேன். பேப்பரை அதில் திறந்து எழுத்தைப் பெருப்பித்து வாசித்தார், முகம் மலர்ந்தது. பில் போடப் போகும்போது, எங்கே வைத்து வாசிப்பீர்கள் என்று சும்மா கேட்டேன். மத்தியானம் சாப்பிட்ட பிறகு கட்டிலில் மல்லாந்து படுத்துத்தான் என்றார்.

அப்படியென்றால் படுத்துப் பாருங்கள் என்று நான் பகிடியாகச் சொன்னதை அவர் உண்மையாகவே எடுத்துக்கொண்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, ஆட்கள் காத்திருக்கும் நீள சோஃபாவில் நீட்டி நிமிர்ந்து படுத்தார். டெப்பை முகத்துக்கு மேலே பிடித்தார். ஒரு தலையங்கம் வாசித்து முடிக்கும்வரை கை தாங்கியது. அடுத்த செய்தியில் கை தளர்ந்து, டெப் நேராக முகத்தில் விழுந்தது. எழும்பி மூக்கைத் தடவிக்கொண்டு, சின்னதைக் காட்டச் சொன்னார். “பெரிய எழுத்து கண்ணுக்கு நல்லதுதான் பிள்ளை, ஆனா என்ர மூக்குக்கு அது சரிவராது.”

பாட்டு நடுவில்

செலஸ்டீன் அன்டி கொட்டாஞ்சேனையில் ஒரு மாதா கோயிலில் ஓர்கன் வாசிக்கிறவர். பாட்டுத் தாள்களை மின்விசிறி அள்ளிக்கொண்டு போகிறதென்று டெப் வாங்கினார். திங்கட்கிழமை கடை திறந்ததும் வந்து நின்றார். பூசையில், பாட்டின் இரண்டாவது அடியிலேயே திரை அணைந்துவிட்டதாம். இரண்டு கையும் கட்டைகளில், தட்டி எழுப்ப மூன்றாவது கை இல்லை. நினைவிலிருந்து கொஞ்சம் வாசித்தாராம், பாடகர் குழு வேறொரு பாட்டுக்குப் போய்விட்டதாம்.

திரை அணையும் நேரத்தை மாற்றிக் கொடுத்தேன். ஒரு நிமிட வேலை. வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: “பிரசங்கத்தில சனம் நித்திரை கொள்ளுறது வழமை மகள், பாட்டுக்கு நித்திரை கொண்டது உங்கட டெப் மட்டும்தான்.”

அப்பாவின் முதல் வசனம்

வாசுகி தன் அப்பாவைக் கையில் பிடித்துக் கூட்டிவந்தார். அப்பா புறக்கோட்டையில் நெடுங்காலம் துணி வியாபாரம் செய்தவர். பாரிசவாதம் வந்து பேச்சு நின்றுவிட்டது, வலக்கையும் வழங்கவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுப்பவர், எழுதிக் கதைக்க ஒரு டெப் வாங்கச் சொல்லியிருந்தார். அவரைக் கதிரையில் இருத்திவிட்டு, வாசுகி என்னைத் தள்ளி அழைத்துப் போய் மெதுவாகச் சொன்னார், நாங்கள் சொல்வது அப்பாவுக்கு எவ்வளவு விளங்குகிறதென்றே தெரியவில்லை என்று. தலையாட்டுவார், அவ்வளவுதான்.

விலை கூடியதையே வாசுகி முதலில் கேட்டார். அதில் அப்பாவின் இடக்கை விரல் நடுங்க, ஒரு எழுத்து நாலாக விழுந்தது. அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ரிஸ்வான் நானா வந்து, கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் மட்டும் எழுத்து விழுகிற மாதிரி மாற்றலாம் என்றார். அதற்கு நடுத்தர விலை டெப்பே காணும் என்று ஒன்றை எடுத்து, தமிழ் எழுத்துகளைப் பெரிதாக்கி அவர் முன்னால் வைத்தார். நான் விலையைச் சொன்னேன். வாசுகி உடனே ஓம், தாருங்கள் என்று கைப்பையைத் திறந்தார்.

அப்பா விரலை வைத்தார். ஒரு எழுத்து. பிறகு இன்னொன்று. கல்லாவில் இருந்த முதலாளி கடை ரீவியின் சத்தத்தைக் குறைத்தார். நாங்கள் எல்லோரும் வேறெங்கோ பார்க்கிற மாதிரி நின்றோம். முடித்ததும் டெப்பை மகள் பக்கம் திருப்பினார். அதை வாசித்த வாசுகி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார், அழுதபடியே சிரித்தார். திரையில் இருந்தது இதுதான்: “விலை கேட்ட உடனே ஓம் எண்டு சொல்லாதே.”

இத்தனை பேருக்குத் தோதானதைத் தேடிக் கொடுத்த நான், எனக்கு எது சரிவரும் என்று தெரியாமல் இன்னும் ஒரு டெப் வாங்காமலே இருக்கிறேன்.